பிடியரிசித் தகரம்

எனக்கு அழகான கையெழுத்து. ஆங்கிலமும் அந்தக் கைக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் சொல்கிறேன். கோழி கிளறியது போல எழுதுகிறவனாகப் பிறந்திருந்தால் அன்றைக்கு அந்த மனுவில் ஒரு வரியாவது குறைத்து எழுதியிருப்பேன். அந்த ஒரு வரியால் ஒரு தோட்டத்தின் சோற்றுப் பானையில் கை வைத்தேன். வருஷங்கள் ஓடிவிட்டன. தோட்டமும் மாறி, இப்போது சிம்பாங் ரெங்கம் பக்கம் வேறொரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் பேனாவை மையில் தொட்டால் அந்த வரிதான் முதலில் வந்து நிற்கிறது, போ என்றால் போவதில்லை.

அப்போது பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீஸ் எழுத்து, காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, சனிக்கிழமை தோறும் ஸ்டோரில் அரிசி அளந்து போடுவது, எல்லாம் என் தலையில். ரப்பர் விலை விழுந்துகொண்டே இருந்த காலம். விழுந்தது என்றால் மாங்காய் விழுவது போலத் தொப்பென்று இல்லை. மழைக்கால மண்சரிவு மாதிரி, இனி நின்றுவிடும் என்று மூச்சு விடும்போது இன்னும் கொஞ்சம். பாதிக் காட்டில் பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். பால் வடிகிற மங்குகள் மரத்துக்கு மரம் கவிழ்ந்து கிடந்தன. வெட்டில்லாத மரங்கள் பட்டை தேறி, இலை கறுத்து, செழித்து நின்றன. மரத்துக்கு ஓய்வு கொடுத்த தோட்டம் மனுஷனுக்குக் கப்பல் டிக்கட் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு பட்டியல். பட்டியலில் பெயர் வந்தவர்கள் நாகப்பட்டினத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பட்டியலையும் இந்த அழகான கைதான் எழுதியது.

ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் எங்கள் வேதக்காரர் வீடுகள் இருபது இருக்கும். மற்ற வீடுகளெல்லாம் இந்துக்கள். எங்களுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில் இருந்தது. உள்ளே அந்தோணியார் சுரூபம், அதன் காலடியில் வாய் வெட்டிய ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். அதுதான் பிடியரிசித் தகரம். உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு சிலுவை வரைந்து, ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு சட்டியில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை செபத்துக்கு வரும்போது வாரத்தின் ஏழு பிடியையும் கொண்டுவந்து தகரத்தில் கொட்டுவாள். இல்லாத வீட்டுக்கு அந்த அரிசி போகும். யார் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுபோனார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கடல் தாண்டி வந்தபோது எத்தனையோ வழக்கங்களைத் தொலைத்தவர்கள் இதை மட்டும் தொலைக்கவில்லை.

அந்த வருஷம் தகரத்து அரிசியில் பெரும்பங்கு ஒரே வீட்டுக்குப் போனது. முந்தின மழையில் மலேரியாவில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகளோடு கடைசி லயத்தில் இருந்தாள். காய்ச்சல் அவளையும் விட்டுவிடவில்லை. உளி பிடிக்கும் கை நடுங்கி மரத்தில் காயம் விழும். காயம் போடுகிறவர்களுக்குத்தான் பட்டியலில் முதல் இடம்.

பெயர் வரப்போகிறது என்று காற்றுவாக்கில் தெரிந்துகொண்டு ஆபீஸ் படிக்கட்டுக்கு வந்து நின்றாள்.

“ஐயா, என்னைய அனுப்பிடாதீங்க.”

“ஊருக்குத்தானேம்மா அனுப்புறாங்க. இங்க என்ன வாழுது?”

“அங்க ஊரு இருக்குங்க. தெரு இல்ல.”

விவரம் கேட்டேன், சொன்னாள். அவளும் புருஷனும் வேறு வேறு சாதி. இந்தக் கோயிலில்தான் சாமியார் தாலி எடுத்துக் கொடுத்தார். இங்கே ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் யாரும் கேட்கவில்லை. அங்கே போனால் அவன் தெருவில் அவளை ஏற்ற மாட்டார்கள், அவள் தெருவில் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். கோயிலுக்குள்ளேயே கயிறு கட்டிப் பிரித்து உட்கார வைக்கிற ஊர். “ரெண்டையும் கைல புடிச்சுக்கிட்டு எந்த மொனையில நிப்பேன்?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன், மனு எழுதியிருக்க மாட்டேன்.

எழுதினேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு, ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். என்னவெல்லாம் எழுதினேன்! மனிதன் வெறும் வயிறு இல்லை என்றேன். இவர்கள் தங்கள் பசிக்கு நடுவிலும் அயலான் பசியைக் காண்கிறவர்கள் என்றேன். எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. அந்த வேகத்தில்தான் அந்த வரியும் வந்தது: இத்தனை நெருக்கடியிலும் ஒவ்வொரு வீடும் தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறது, ஆகவே இந்தப் பெண்ணும் பிள்ளைகளும் தோட்டத்துக்குப் பாரமாக மாட்டார்கள், அரை நாள் வேலை கொடுத்தால் போதும். மை காய்வதற்குள் ஐந்து தரம் படித்துப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளுக்காகப் படிக்கவில்லை, வாக்கியத்துக்காகப் படித்தேன்.

துரை பங்களா வராந்தாவில் வைத்து வாசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைத் தன் கையால் கொடுக்கிறவர். சிங்கப்பூரிலுள்ள கம்பெனியிலிருந்து வாரத்துக்கு ஒரு கடிதம் வரும், செலவைக் குறை, இன்னும் குறை என்று. அதைப் படித்துவிட்டு அவரும் சாப்பிடாமல் எழுந்து போவார்.

“ஒவ்வொரு வீடுமா?” என்று கேட்டார்.

“எங்கள் ஆட்களில் ஒவ்வொரு வீடும், சார்.”

“தினமுமா?”

“தினமும். இப்போதும்கூட.”

அந்த ‘இப்போதும்கூட’வை நிமிர்ந்து நின்று சொன்னேன். துரை மனுவை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, “அவள் இருக்கட்டும்” என்றார். பங்களாச் சடக்கில், அந்தச் செம்மண் சாலையில், நான் இறங்கி வந்த நடை நடையே அல்ல. காலடியில் உதிர்ந்து கிடந்த ரப்பர் விதைகள் சடசடவென்று வெடித்தன, வழியெல்லாம் கைதட்டுவது போல.

அந்தச் சனிக்கிழமை ஸ்டோரைத் திறக்குமுன் துரையிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. இனி வீட்டுக்கு வாரம் போடும் அரிசியில் ஏழு பிடி குறைத்து அளக்க வேண்டும். எல்லா லயத்துக்கும்.

ஓடினேன். பங்களாப் பின்கட்டில் சமையற்காரர் கோழி உரித்துக்கொண்டிருந்தார். ஹைனான் சீனர், ஆறடி ஆள். என்னைப் பார்த்ததும் மலாயில் சொல்லிச் சிரித்தார்: துவான், அதாவது துரை, கூப்பிட்டு அரிசி மூட்டையில் கைவிடச் சொன்னார், ஒரு பிடி எடுக்கச் சொன்னார், அதைத் தராசில் வைத்தார், எதற்கென்று சொல்லவில்லை. கையை விரித்துக் காட்டினார். கோழி முழுசாக அதில் உட்காரும். எங்கள் பெண்களின் பிடி எவ்வளவு என்பதற்கு அந்தக் கை அளவுகோல்!

துரையிடம் மன்றாடினேன். அவர் பொறுமையாக விளக்கினார், அதுதான் இன்னும் எரிந்தது. “மனிதன் தனக்கு மிஞ்சினதைத்தான் கொடுப்பான், கிராணி. கொடுக்கிறார்கள் என்றால் மிஞ்சுகிறது. ஏழைகள் பக்கம் பேசுகிறேன் என்று நீர்தான் இதை எனக்குச் சொன்னீர். இதை நான் குறைக்காவிட்டால் இன்னும் பத்துப் பேரைக் கப்பலேற்ற வேண்டும். எது நல்லது?”

பாதி வழி இறங்கி வந்தபின்தான் பதில் தோன்றியது. மிச்சம் என்பது கடைசியில் நிற்பது. பிடியரிசி முதலில் எடுப்பது. உலை வைக்குமுன், வயிறு நிறையுமா நிறையாதா என்று தெரியுமுன் எடுப்பது. அதை மிச்சம் என்று எப்படிச் சொல்வீர்? நடுச் சடக்கில் நின்று இதைச் சத்தமாகவே சொன்னேன். கேட்டது ஒரு குரங்கு. எனக்கு வாய்க்கிற நல்ல பதில்கள் எல்லாமே இப்படித்தான், ஆள் போனபின் வரும்.

ஸ்டோர் வாசலில் அளந்தேன். முதல் பையிலேயே தெரிந்துவிட்டது.

“என்னங்க ஐயா, படி ஒல்லியாயிருச்சா?”

“துரை உத்தரவு.”

“தொரை உத்தரவா, ஒங்க எழுத்தா?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். பங்களாத் தோட்டக்காரன் வழியாக விஷயம் எனக்கு முன்னே லயத்துக்கு வந்திருந்தது. “அரிசி மிஞ்சிக் கெடக்குன்னு எழுதுனாராம்ப்பா. எங்க வீட்டுல வந்து பாருங்க. எலிகூட பட்டியல்ல பேரு குடுத்துட்டு ஊருக்குப் போயிருச்சு!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மேல் லயத்து அம்மாள் ஒருத்தி முன்னால் வந்தாள். எங்கள் வேதத்தவள் இல்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், ஐந்து பிள்ளைக்காரி.

“ஒங்க கோயில் தகரத்துக்கு எங்க வயித்துல ஏன்யா ஓட்ட போட்டீங்க? நாங்க குடுத்தமா? குடுக்குறோம்னு சொன்னமா?”

அவள் பையை வாங்கி, அதிலும் ஏழு பிடி குறைத்தே அளந்தேன்.

அடுத்த வாரத்து ஞாயிறு வந்தது. இனி தகரம் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். உண்மையைச் சொன்னால் காலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உபதேசியார் தகரத்துக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் பால் வெட்டி, ஏழாம் நாள் எங்களுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிற மனிதர்.

“கொறஞ்சிருக்கு. ஆனா நிக்கல” என்றார். பிறகு ஒரு பிடியை வெளியே எடுத்துக் காட்டினார். முழு அரிசிக்கு நடுவே நொய்க் குருணை, உமியோடு. “பாத்தீங்களா, யாரோ கொருணையக் கொட்டியிருக்காங்க.”

“யாரு அப்படிச் செஞ்சது?”

“நாந்தான்” என்றார். “நாலு புள்ளைங்க. கை தன்னால கொருணைப் பக்கம் போயிருச்சு. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்.”

ஜென்மப் பாவம் என்று ஞான உபதேசத்தில் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். நொய்க் குருணையாக அன்றுதான் பார்த்தேன். ஆனால் பாருங்கள், குருணையைப் போட்ட அதே கை சும்மா இருந்துவிடவில்லை, எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது. துரையின் கணக்கில் இந்தக் கைக்கு இடமில்லை. எனது மனுவிலும் இல்லை. நான் எல்லாரையும் சம்மனசுகளாக, வானதூதர்களாக எழுதியிருந்தேன்.

செபம் முடிந்ததும் பெண்களை நிறுத்திச் சொன்னேன். கொஞ்ச காலத்துக்குப் பிடியரிசி எடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்கிறவரை துரை குறைத்ததைத் திருப்ப மாட்டார். நீங்கள் நிறுத்தினால், மிஞ்சவில்லை என்று நான் வாதாடலாம்.

ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். “சாமிக்கு எடுக்குறதத் தொரைக்குப் பயந்து நிறுத்தச் சொல்றீங்களாய்யா?”

“பயந்து இல்லம்மா, யோசிச்சு.”

“ஐயா யோசிச்சதுலதான் ஏழு பிடி போச்சு” என்றாள் இன்னொருத்தி. இந்த முறை எல்லாருமே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே கடைசி லயத்து விதவை வந்து, மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை அவிழ்த்துத் தகரத்தில் கொட்டினாள். வாங்குகிறவளே போடுகிறாள்! தகரத்திலிருந்து போன அரிசி தகரத்துக்கே வருகிறது. இதென்ன கூத்து?

“ஒனக்காகத்தானே எல்லாரும் போடுறாங்க. நீ ஏம்மா போடுற?”

“வாங்குறவளாவே இருக்க முடியலீங்க” என்றாள், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் போல.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் பூசை வைக்க வருகிற பிரெஞ்சுச் சாமியார் அந்த வாரம் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். புதுச்சேரியில் கற்ற தமிழ், எப்போதும் வியர்த்து வழிகிற முகம். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தருமம் கொடுக்கிறது அவர்கள். கூலி கொடுக்கவேண்டியது துரை” என்றார். “ஒருவருடைய கடமையை இன்னொருவருடைய புண்ணியத்தைக் கொண்டு அடைக்கப் பார்த்தீர். அவளை வைத்துக்கொள்வது நியாயம் என்று எழுதியிருக்க வேண்டும். செலவில்லை என்று எழுதினீர்.”

“நியாயம் என்று எழுதினால் துரை வாசிப்பாரா, சாமி?”

“மாட்டார்.”

“பிறகு?”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “பிறகு என்னவென்று எனக்கும் தெரியாது” என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்தோத்திரம் சொல்லக்கூட மறந்தேன். சரியான பேச்சு, ஒரு பிடி அரிசிக்கு ஆகாத பேச்சு. ஆனால் அது சரி என்பதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது.

மறுபடி துரையிடம் போனேன். அரிசியைப் பழையபடி அளக்க அனுமதி கேட்டேன். அவர் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: “இப்போதும் எடுத்து வைக்கிறார்களா, இல்லையா?”

ஆமாம் என்றால் குறைத்தது குறைத்ததுதான். இல்லை என்றால் அவளுக்குச் சோறு யார் போடுவது? இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் என்னை நிறுத்திவிட்டார், அதுவும் வேண்டுமென்று இல்லை. தோட்டத்தின் எண்ணூறு வயிற்றுக்கு முன்னால் மூன்று வயிறு என்று எனக்குள் ஒரு குரல் சொல்லியது. அது துரையின் குரல் மாதிரியே இருந்தது.

“நிறுத்திவிட்டார்கள், சார்” என்றேன். “யாரும் கொடுப்பதில்லை. மிஞ்சவில்லை.”

“அப்படியா” என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு. “அரிசியைப் பற்றி சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்கிறேன். உறுதி சொல்ல முடியாது. அந்தப் பெண்ணை இனி வைத்திருக்க வழியில்லை. அடுத்த பட்டியலில் சேர்த்துவிடும்.”

அவள் பெயரை எழுதினேன். வளைவும் நெளிவுமாக, மிக அழகாக வந்தது.

பட்டியலை ஆபீஸ் கதவில் ஒட்டிய மத்தியானம், பால் எடை போட்டுவிட்டு வந்த உபதேசியார் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். என்னிடம் திரும்பினார்.

“அவ பேரு ஏன் வந்துச்சு? தொரை இருக்கட்டும்னாரே?”

நடந்ததைச் சொன்னேன்.

“நாங்க நிறுத்தலையே.”

“தெரியும்.”

“அப்ப பொய் சொன்னீங்களா?”

“ஒங்களுக்காகத்தான் சொன்னேன்யா!”

“எங்களுக்காகன்னா எங்களல்ல கேக்கணும்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “அரிசி போனா போவுது, எப்படியோ தாங்கிக்கலாம். அவ போனா அந்தப் புள்ளைங்களக் கொண்டு எங்க வப்பா?”

அன்று வெயில் தாழுமுன் ஊர்வலம் ஒன்று பங்களாச் சடக்கில் ஏறியது. முன்னால் உபதேசியார், தலையில் மண்ணெண்ணெய்த் தகரம். பின்னால் பெண்கள், பால்கறை பிடித்த சேலையோடு. விதவை வரவில்லை. அவளுக்குச் சொல்லவே இல்லை. கடைசியில் நான், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று உபதேசியார் கூப்பிட்டதால். மேல் லயத்தைக் கடக்கும்போது அந்த ஐந்து பிள்ளைக்காரி வாசலில் நின்று கத்தினாள். “போங்க, போங்க. கொட்டிக் காட்டுங்க. அவ இருக்கட்டும், வேணாங்கல. நான் ஏன் குடுக்கணும்? என்னையக் கேட்டீங்களா?” யாரும் நிற்கவில்லை. ஒருத்தி மட்டும் தலை குனிந்தாள்.

துரை வராந்தாவுக்கு வந்தார். உபதேசியார் தகரத்தை இறக்கி வைத்தார். துரை அரிசிக்குள் கையை விட்டுப் பார்த்தார். நல்ல அரிசி, குருணை, உமி எல்லாம் அவர் விரலில் ஒட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கிராணி, நீர் சொன்ன இரண்டில் எது பொய்?”

“இரண்டாவது, சார்.”

உபதேசியார் என் தோளைத் தொட்டார். “இதையும் சொல்லுங்க ஐயா. இது மிஞ்சினது இல்லன்னு சொல்லுங்க. கொறச்ச அரிசி எங்க கூலி. அதத் தரணும். அவள வச்சுக்கிறது எங்க பாடு. அது வேற, இது வேற.”

சாமியார் சொன்னதை இவர் கேட்டிருக்கவே இல்லை. தானாக வந்தது. நான் மொழிபெயர்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அலங்காரம் ஒன்றும் இல்லாமல், அவர் சொன்ன வரிசையிலேயே.

துரை விரலில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார். “அவள் பெயரை அடித்துவிடும்” என்றார். “மற்றது, விலை ஏறட்டும்.” உள்ளே போய்விட்டார்.

நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவரை விலை ஏறவில்லை. பொய்க்காக என்னை வேலையை விட்டு நீக்கவும் இல்லை, அதுவும் ஒரு தண்டனைதான். இறங்கி வரும்போது பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். ஜெயித்தவர்கள் மாதிரியும் இல்லை, தோற்றவர்கள் மாதிரியும் இல்லை. எனக்கோ கத்த வேண்டும்போல இருந்தது. கேட்க வேண்டியதை ஒரு மனிதர் நேராகக் கேட்டார், கிடைக்கவில்லை. கொடுக்க வேண்டியதில்லாததை இருபது வீடு கொடுத்தது, அது தடையில்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. கேட்கப்படாமலே ஏழு பிடியைப் பறிகொடுத்தவர்கள் மேல் லயத்தில் இருந்தார்கள்.

சனிக்கிழமை ஸ்டோரைத் திறந்தேன். வரிசையில் அவளும் நின்றாள், அரை நாள் கூலிக்கான பையோடு, இடுப்பில் சின்னவள், சேலையைப் பிடித்தபடி பெரியவள். அவளுக்குப் பின்னால் மேல் லயத்து அம்மாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் படியைத் தலைதட்டி, குறைக்கச் சொன்னதைக் குறைத்து, விதவையின் பையில் கொட்டினேன். அவள் பையை ஒரு குலுக்குக் குலுக்கி வாயைக் கட்டிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த பை நீண்டது.